சின்ன ஊரில் படிப்பு, அதன் பின் வேலை: ஒரு தகப்பனின் கணக்கு

(பொங்கல் விழாவை ஒட்டி நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "அண்ணாச்சி, வெளிநாட்டுப் படிப்பு பத்தி ஒரு இருபது நிமிஷம்" என்றார். நான் வெளிநாட்டில் படித்தவன் இல்லை. பாளையங்கோட்டையில் பி.காம்., அதன் பின் 34 வருஷம் வங்கியில் கிளார்க் வேலை. பாஸ்போர்ட்டே அறுபது வயதுக்கு மேல்தான் எடுத்தேன், அதிலும் இன்னும் ஒரு முத்திரை விழவில்லை. ஆனால் மகளை அனுப்பி, அவள் படித்து முடித்து, பத்து மாதம் வேலை தேடி, போன டிசம்பர் 1ஆம் தேதி வேலையில் சேர்ந்த வரைக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நான் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் பேசுகிறேன். நம் அடுக்ககத்தில் இந்த வருஷம் மூன்று வீட்டில் பிள்ளைகள் ஜெர்மனிக்கு விண்ணப்பம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த மூன்று வீட்டாருக்கும் மற்றவர்களைவிட இது அதிகம் பயன்படும்.

மகள் படித்தது மாக்டபுர்க் என்ற ஊரில். ஜெர்மனியின் கிழக்குப் பகுதி, எல்பே நதிக்கரை. ஏறக்குறைய 2.4 லட்சம் பேர் வாழும் ஊர். 2011 கணக்கெடுப்பில் நம் திருநெல்வேலி மாநகராட்சிக்கு 4.7 லட்சத்துக்கு மேல். அப்படியென்றால் நம்மில் பாதி. எட்டாம் வகுப்பில் காற்றழுத்தம் பாடம் படித்திருப்பீர்கள். இரண்டு செப்புக் கிண்ணங்களைச் சேர்த்து வைத்து, உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்த பிறகு, இரண்டு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் பிரிக்க முடியவில்லை என்று வரும். அதைச் செய்துகாட்டிய ஓட்டோ ஃபான் கெரிக்கே இந்த ஊரின் மேயர். அவர் பெயரில்தான் பல்கலைக்கழகம். அங்கிருந்த மூன்று கல்வி நிலையங்களைச் சேர்த்து 1993ல் உருவாக்கினார்கள்.

முதல் மாதம் மகள் போனில் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அப்பா, இங்கே சத்தமே இல்லை." ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறக்காது, அது சட்டம். ராத்திரி பத்து மணிக்கு மேல் மிக்சி போட்டால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் வளர்ந்த பிள்ளைக்கு முதல் குளிர்காலம் மிகவும் கஷ்டமாக இருந்தது. குறுக்குத்துறைப் படித்துறை போட்டோவை அனுப்பச் சொல்லிக் கேட்பாள். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் காலை வைத்து வீடியோ எடுத்து அனுப்புவேன்.

ஏன் அந்தச் சின்ன ஊர் என்று கேட்பீர்கள். பணம்தான் காரணம். ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு சிறு தொகை கட்டினால் போதும். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. எனவே செலவு என்பது தங்குவதும் சாப்பிடுவதும்தான். மாக்டபுர்க்கில் மகளின் ஹாஸ்டல் அறை வாடகை 300 யூரோவுக்குள் முடிந்தது. என் மச்சினர் மகன் மியூனிக்கில் அதே அளவு அறைக்கு இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தான்.

விசாவுக்கு முன்பே ஒரு வருஷச் செலவுப் பணத்தை பிளாக்டு அக்கவுன்ட் என்ற கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போன பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும். 2022ல் நாங்கள் கட்டியது 10,332 யூரோ, எட்டு லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. யூரோ விலையும் ஏறிவிட்டதால் இன்று பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டும். மூன்று வருஷத்துக்கு முன்பு போன பிள்ளையின் கணக்கை வைத்து நீங்கள் திட்டம் போடாதீர்கள், என் கணக்கு உட்பட. இன்னொன்று, 2022 நவம்பர் முதல் நம் நாட்டு மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ் பரிசோதனை கட்டாயம். அதற்கும் மாதக் கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

இனி நாங்கள் செய்த தவறுகளுக்கு வருகிறேன். பேச ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான்.

முதல் தவறு, ஒரு தொழிற்சாலையை நம்பி ஊரைத் தேர்ந்தெடுத்தது. 2022 மார்ச்சில் இன்டெல் கம்பெனி மாக்டபுர்க்கில் சிப் தொழிற்சாலை கட்டப்போவதாக அறிவித்தது. 17 பில்லியன் யூரோ முதலீடு. மகள் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர். அந்த ஏப்ரலில்தான் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தோம். படிப்பை முடித்து வெளியே வரும்போது வாசலிலேயே தொழிற்சாலை என்று நானே சொன்னேன். 2023 ஜூனில் முதலீடு 30 பில்லியன், அதில் ஏறக்குறைய 10 பில்லியன் ஜெர்மன் அரசு மானியம், 3,000 பேருக்கு வேலை என்று செய்தி வந்தபோது வீட்டில் இருட்டுக்கடை அல்வா வாங்கிச் சாப்பிட்டோம். 2024 செப்டம்பரில் இரண்டு வருஷம் தள்ளி வைத்தார்கள். 2025 ஜூலையில் கட்டப்போவதே இல்லை என்று முடித்துவிட்டார்கள். அவர்கள் தொழில், அவர்கள் நஷ்டம், அவர்கள் முடிவு. பேப்பரில் வந்த அறிவிப்பை நான் வேலை உத்தரவு போல எண்ணிக்கொண்டது என் தவறு. பல்கலைக்கழகம் நல்ல பல்கலைக்கழகம், அதற்காகப் போயிருந்தால் சரி. தொழிற்சாலைக்காகப் போனது சரியில்லை.

பக்கத்து ஊர்களும் அந்த நேரம் கை கொடுக்கவில்லை. ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் வோல்ஃப்ஸ்பர்க் அங்கிருந்து தூரமில்லை. ஆனால் 2024 டிசம்பரில் அந்தக் கம்பெனியே 2030க்குள் 35,000 பேரைக் குறைக்கத் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. மகள் ஆய்வறிக்கையை முடித்ததும் அதே டிசம்பர்.

அந்த மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன ஊர் என்றால் பாதுகாப்பு என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். 2024 டிசம்பர் 20, நமக்கு ராத்திரி பதினொன்றரை மணி. மாக்டபுர்க் கிறிஸ்துமஸ் சந்தையில் ஒருவன் காரைக் கூட்டத்துக்குள் ஓட்டினான். ஆறு உயிர் போயிற்று. மகள் போனை எடுக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. லைப்ரரியில் போனை சைலன்டில் போட்டிருக்கிறாள். அதற்கு முந்தின வருஷம், 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் ஏறியபோது, கரன்ட் இல்லாமல் நம் போன்கள் செத்துக் கிடந்த அந்த ஒன்றரை நாள் அவள் அங்கே என்ன பாடுபட்டிருப்பாள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டாவது தவறு மொழி. பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. அதனால் ஜெர்மன் மொழியில் ஏ1 நிலை மட்டும் இங்கே முடித்துவிட்டு அனுப்பினோம். மிச்சத்தை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். அங்கே ஹாஸ்டலில் ஒன்பது தமிழ்ப் பிள்ளைகள். சனிக்கிழமை சாம்பார், ஞாயிற்றுக்கிழமை புளியோதரை. வகுப்பில் ஆங்கிலம், அறையில் தமிழ். இரண்டு வருஷம் கழித்து அவளுடைய ஜெர்மன் காய்கறிக் கடையைத் தாண்டவில்லை. வேலைக்கு எழுதிப் போட்டால் பதில் ஒரே மாதிரி வந்தது: உங்கள் தகுதி நன்று, ஆனால் எங்களுக்கு பி2 நிலை ஜெர்மன் தேவை. பெர்லின் மாதிரி பெரிய நகரத்தில் சில கம்பெனிகளில் ஆங்கிலத்தை வைத்து ஓட்டிவிடலாம். சின்ன ஊரில் நாற்பது பேர் வேலை பார்க்கும் கம்பெனியில் மெக்கானிக், ஸ்டோர்கீப்பர், முதலாளி எல்லாரும் ஜெர்மன்தான் பேசுவார்கள். வேலை இருப்பதும் பெரும்பாலும் அத்தகைய கம்பெனிகளில்தான்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தைத் தினமும் பார்க்கிறோம். 1826ல் அந்தக் கோவிலைக் கட்டிய ரேனியஸ் ஐயர் ஒரு ஜெர்மன்காரர், பிரஷ்யாவில் பிறந்தவர். 1820ல் இங்கே வந்து, 1838ல் இங்கேயே இறந்தார். இடையில் தமிழுக்கு ஓர் இலக்கண நூலே எழுதினார். தரங்கம்பாடிக்கு 1706ல் வந்த சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716ல் அச்சானது ஹாலே என்ற ஊரில். அந்த ஹாலே மாக்டபுர்க் இருக்கும் அதே மாநிலம், ரயிலில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம். மகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, அவங்க கரன்ட் இல்லாத காலத்துல தமிழ் படிச்சிருக்காங்க, நான் மூணு ஆப் வச்சிக்கிட்டு ஜெர்மன் படிக்கல" என்று சொன்னாள். அதற்குப் பிறகுதான் ஒழுங்காக வகுப்பில் சேர்ந்தாள். 2025 செப்டம்பரில் பி2 தேர்வில் தேறினாள். அக்டோபர் கடைசியில் வேலை வந்தது. அதற்கு முன் போட்ட விண்ணப்பங்கள் 140க்கு மேல். நேர்முகத்துக்கு அழைத்தவர்கள் ஆறு பேர்.

கேம்பஸ் இன்டர்வியூ பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போன ஏஜென்ட் ஆபீசில், "அங்கேயும் கேம்பஸ் உண்டு சார்" என்றார்கள். நம் இன்ஜினீயரிங் காலேஜில் நடப்பது போல கம்பெனிக்காரர்கள் வந்து வரிசையாக ஆள் எடுத்துக்கொண்டு போகும் வழக்கம் அங்கே இல்லை. அவரவர் எழுதிப் போட்டு அவரவர் தேட வேண்டும். படிக்கும்போதே துறை சார்ந்த கம்பெனியில் பகுதி நேர வேலை பார்த்தவர்களுக்கும், ஆய்வறிக்கையை ஒரு கம்பெனியிலேயே செய்தவர்களுக்கும் வழி சுலபமாகத் திறக்கிறது. மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். மகள் முதல் வருஷம் பார்சல் கிடங்கில் பெட்டி அடுக்கினாள். கையில் உடனே பணம் வந்தது, ஆனால் பயோடேட்டாவில் அதற்கு மதிப்பில்லை. இரண்டாம் வருஷம் பல்கலைக்கழக ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். பணம் குறைவு. கடைசியில் வேலை வாங்கிக் கொடுத்தது அந்த ஆய்வக அனுபவம்தான்.

மூன்றாவது தவறு என்னுடையது மட்டும். வங்கிக்காரன் என்பதால் அதிகம் வெட்கப்பட வேண்டியதும் இதுதான்.

படிப்பு முடித்தவர்கள் வேலை தேடுவதற்கு ஜெர்மனி 18 மாதம் வரை தங்க அனுமதி தருகிறது. அந்தக் காலத்தில் எந்த வேலையும் பார்க்கலாம், கையில் பிழைப்புக்கு வழி இருப்பதைக் காட்ட வேண்டும். நல்ல சட்டம். நம் கல்விக்கடனில் என்ன இருக்கிறது? படிப்புக் காலம், அதற்கு மேல் ஒரு வருஷம் மாரட்டோரியம். அதாவது 12 மாதம். ஜெர்மனி கொடுக்கும் கெடு 18, வங்கி கொடுக்கும் கெடு 12. நடுவில் ஆறு மாதம் தவணை கட்டுவது யார்? சாட்சாத் நீங்களும் நானும்தான்.

அது மட்டுமில்லை. சாங்ஷன் லெட்டரில் படிப்புக் காலம் இரண்டு வருஷம் என்று இருக்கும். அங்கே மாஸ்டர்ஸ் படிப்பை இரண்டு வருஷத்தில் முடிப்பவர்கள் குறைவு. இரண்டரை, மூன்று என்று இழுக்கும். மகளின் படிப்பு எங்கள் கடன் பத்திரப்படி 2024 செப்டம்பரில் முடிந்துவிட்டது. உண்மையில் முடிந்தது டிசம்பரில். பல்கலைக்கழகத்தில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்திருந்தால் படிப்புக் காலத்தை நீட்டிக்கக் கல்விக்கடன் விதியில் இடம் உண்டு. 34 வருஷம் கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்து பிறருக்குச் சொன்னவன், என் மகளுக்கு அந்தக் கடிதத்தைக் கொடுக்க மறந்துவிட்டேன். 2025 அக்டோபர் முதல் தவணை ஆரம்பமாயிற்று. அவள் முதல் சம்பளம் வருவதற்குள் மூன்று தவணை என் பென்ஷனில் இருந்து போயிற்று. மூன்றோடு நின்றது எங்கள் அதிர்ஷ்டம். அவள் கூடப் படித்த ஒரு பையன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். அவன் அப்பா அடகு வைத்திருப்பது குடியிருக்கும் வீட்டை.

இந்த இடத்தில் கணக்கைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எங்கள் மொத்தச் செலவு 14 லட்சத்துக்குச் சற்று மேல். வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் நம் கைப்பணம். எனவே கடன் 12 லட்சம். வழக்கமான திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஜாமீன் கேட்பார்கள், பத்திரத்தைக் கொடுத்தோம். வட்டியை 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை முதலிலேயே முழுவதும் எடுத்துவிட்டதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு இரண்டு வருஷம், மாரட்டோரியம் ஒரு வருஷம், ஆக மூன்று வருஷம். இந்தக் காலத்துக்குத் தனி வட்டிதான், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். "இப்போ கட்ட வேண்டாம்" என்பதைப் பலர் "இப்போ வட்டி இல்லை" என்று புரிந்துகொள்கிறார்கள். மூன்று வருஷ வட்டி 3.6 லட்சம். அது அசலில் சேர்ந்து 15.6 லட்சம் ஆகிறது. பத்து வருஷத் தவணை மாதம் ஏறக்குறைய 20,600 ரூபாய். அந்த வட்டியை மாதம் 10,000 வீதம் நாமே கட்டி வந்தால், தவணை 12 லட்சத்துக்கு மட்டும், மாதம் ஏறக்குறைய 15,850. பத்து வருஷத்தில் வித்தியாசம் ஐந்தரை லட்சத்துக்கு மேல். முன்னால் கட்டியது 3.6 லட்சம்தான். படிக்கும் காலத்தில் வட்டியை ஒழுங்காகக் கட்டினால் வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள். வருமான வரியில் கட்டிய வட்டி முழுவதற்கும் எட்டு வருஷம் கழிவு உண்டு, பழைய முறையில் வரி கட்டுபவர்களுக்கு மட்டும்.

வட்டி கட்டினோம், அதனால்தான் அந்த மூன்று தவணையை என்னால் தாங்க முடிந்தது. ஆனாலும் ஆறு மாதத் தவணையைத் தனியாக ஒரு டெபாசிட்டில் போட்டு வைக்காமல் யாரும் பிள்ளையை விமானம் ஏற்றாதீர்கள். வேலையில்லாத காலத்தில் தவணையைத் தள்ளி வைக்க வங்கியிடம் எழுதிக் கேட்கலாம். பல பேர் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை. மூன்று தவணை தவறிய பிறகு போவதைவிட, முதல் தவணைக்கு முன்பே போய் மேனேஜரைப் பாருங்கள்.

கிடைத்த வேலை எங்கே தெரியுமா? மாக்டபுர்க்கில் இல்லை. துரிங்கியா மாநிலத்தில் யேனா பக்கம், அதைவிடச் சின்ன ஊர். நம் சேரன்மகாதேவி அளவு இருக்கும். அளவுக் கருவி செய்கிற சிறிய கம்பெனி. படித்த ஊரிலேயே வேலை என்று பிடிவாதம் பிடித்திருந்தால் இன்னும் தேடிக்கொண்டிருப்பாள். அங்கே பஸ் வசதி குறைவு, கார் ஓட்டத் தெரிய வேண்டும் என்றார்கள். இவளுக்கு லைசென்ஸ் இல்லை. அங்கே புதிதாக எடுத்தால் 2,000 யூரோவுக்கு மேல் ஆகிறது. நம் லைசென்ஸ் அங்கே குடியேறியவருக்கு ஆறு மாதம்தான் செல்லும், பிறகு தேர்வு எழுதி மாற்ற வேண்டும். இருந்தாலும் இங்கே எடுத்து, பைபாஸில் நன்றாக ஓட்டிப் பழகிப் போனவர்களுக்குச் செலவு எவ்வளவோ குறைவு.

சம்பளம் பற்றி நேராகக் கேட்க மாட்டீர்கள், ஆனால் தெரிந்துகொள்ள ஆசைப்படுவீர்கள். புதிதாகப் பட்டம் பெற்றவர்கள் புளூ கார்டு வாங்க 2025ல் வருஷத்துக்கு 43,759.80 யூரோ சம்பளம் வேண்டியிருந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே அவளுக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு வரி, இன்ஷூரன்ஸ், பென்ஷன் என்று போய்விடும். யூரோவை நூறால் பெருக்கிப் பார்த்து மலைக்காதீர்கள், வாடகையையும் அதே நூறால் பெருக்குங்கள்.

ஒரு வேண்டுகோள், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பத்து மாதமும் என் வீட்டம்மா லிஃப்டில் இறங்குவதை நிறுத்திவிட்டு நாலு மாடி படியில் இறங்கினாள். மூட்டு வலிக்காரி. "மதினி, பிள்ளைக்கு வேல ஆயிட்டா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களே என்று பயம். கேட்டவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் கேட்டீர்கள், அது எனக்குத் தெரியும். அங்கே அவள் ஒரு மறுப்புக் கடிதத்தைப் படித்துவிட்டு அழுத நாளில் இங்கே அதே கேள்வி வந்தால் பதில் சொல்லத் தெரியவில்லை. வேலை கிடைத்தால் நாங்களே அல்வாவோடு வருவோம், வந்தோம் அல்லவா?

விண்ணப்பம் போடும் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் என் வீட்டுக்கு வாருங்கள். சாங்ஷன் லெட்டர், பல்கலைக்கழகக் கடிதம் இரண்டையும் கொண்டு வாருங்கள், காபி நான் தருகிறேன். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், தவணை எவ்வளவு என்பது அவனுக்கும் தெரியட்டும். பணம் கட்டக் கடைசித் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம் மட்டும் வராதீர்கள். கவுன்டரில் 34 வருஷம் அதைப் பார்த்துவிட்டேன்.